மைனஸ் பதினாலில் நாலு டயர்கள்

அரை மணி நேரத்துக்கு முன்னால் மைனஸ் பதினாலு, இப்போது மைனஸ் பதின்மூன்று, ஒன்று ஏறியிருக்கிறது, ஏறட்டும், மெதுவாக ஏறினாலும் ஏறிக்கொண்டிருந்தால் போதும், பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் இந்தக் கராஜ் சனிக்கிழமை மகன் ஆசீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினபோது எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படி ஆகிவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி. வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு இறங்குகிற மரப்படியில் சுகிர்தம் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு மேல் மகனுடைய பழைய ஜாக்கெட். மூச்சு விட்டால் அடுப்பு ஊதினது போல் வெள்ளையாக வந்தது. சுவரோரம் எண்ணெய் ஹீட்டர் மறுபடியும் உயிர் வந்து டிக் டிக்கென்று காய்ந்துகொண்டிருந்தது, அதன் ஆரஞ்சு விளக்கு அவளையே பார்ப்பது போலிருந்தது. மூலையில், பலகைக்கு மேல், ஒன்றின் மேல் ஒன்றாக நாலு டயர்கள். ஒவ்வொன்றும் கறுப்புப் பைக்குள், வாய் இறுக்கி ஒட்டி, வெளிச்சமும் காற்றும் படாமல். பார்த்தால் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளைப் படுத்தியது, பார்த்தால் எதுவும் தெரியவில்லை என்பது. மேலே இருக்கிற டயர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தரையில் கிடந்தது என்று அந்தப் பை சொல்லவா போகிறது. மணி பத்து. டொராண்டோவிலிருந்து வருகிற விமானம் இரண்டு மணிக்கு இறங்கும், மூன்று மணிக்கு ஆசீர் வீட்டில் இருப்பான், அதற்குள், அதற்குள் என்ன, ஆண்டவரே, அதற்குள் என்ன செய்யச் சொல்கிறீர் என்று கேட்டாள், கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும் கேட்டாள்.

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று அவன் அவளை இங்கே கூட்டிவந்து நிறுத்திச் சொன்னான், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி விரலை நீட்டி, "அம்மா, ரோட்டுல ஓடுற டயருக்கு இந்தக் குளிர் ஒண்ணும் பண்ணாது. இது ரேஸ் டிராக்ல மட்டும் ஓட்டுறது, இது வேற ரப்பர். பூஜ்யத்துக்குக் கீழ போகவே கூடாது." "போனா?" "போனா கண்ணாடி. அப்படியே கிடந்தாக்கூடத் தப்பிச்சுக்கிடும், திரும்பச் சூடாகி ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டா பழையபடி ஆயிரும். ஆனா குளிர்ந்து கிடக்கும்போது தூக்கக் கூடாது, உருட்டக் கூடாது, கீழ போடக் கூடாது. உள்ளுக்குள்ள கீறிரும். வெளிய தெரியாது." "தெரியலைன்னா விடேன்ல, என்னத்துக்கு இவ்வளவு?" என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "தெரியலைன்னாத்தாம்மா மோசம். இருநூறுல வளைவு எடுக்கும்போது தெரியும்." இருநூறு என்றால் இருநூறு கிலோமீட்டர், ஒரு மணிக்கு, பாளையங்கோட்டையிலிருந்து மதுரையே அவ்வளவு தூரம் கிடையாதே என்று நினைத்தாள், அதற்கு மேல் அன்றைக்கு அவன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை, வளைவு எடுக்கும்போது, வளைவு எடுக்கும்போது என்று அதிலேயே நின்றுவிட்டது மனசு. முந்தின குளிர்காலம் வரை இந்த டயர்கள் அடித்தள அறையில்தான் இருந்தனவாம், கதகதப்பாக. மார்ச்சில் அவள் வந்தாள், அந்த அறை அவளுக்கானது, கட்டில் போட்டு ஜெபம் பண்ண ஒரு சின்ன மேசையும் போட்டுக் கொடுத்தான், டயர்கள் பக்கத்து மூலையில். ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தாள். "பங்ச்சர் கடைக்குள்ள படுத்த மாதிரி இருக்குல, ஆசீர்" என்றாள். அவன் அன்றைக்கே நாலையும் தூக்கிக் கராஜில் வைத்தான். குளிர் வருமுன் அதற்கென்று ஹீட்டர் வாங்கினான், தெர்மாமீட்டர் வாங்கினான், மோட்டார் ஓடுகிற இடத்தில் ஒரு வாயு வருமாம் அது ரப்பரைத் தின்னுமாம் என்று மீன் வைக்கிற ப்ரீஸரைக்கூட கராஜிலிருந்து கிளப்பி வீட்டுக்குள் கொண்டுபோனான். கோயம்புத்தூரில் இருக்கிற மகள் எப்சிபாவிடம் இதைச் சொன்னபோது போனில் விழுந்து விழுந்து சிரித்தாள், "டயருக்கு ஹீட்டர் போட்டுப் படுக்க வைக்கிற பையனுக்கு எவம்மா பொண்ணு குடுப்பான், முதல்ல அந்த நாலுக்கும் ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லுங்க." ஆசீரின் அக்காவுக்கு எல்லாம் சிரிப்புதான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு, வேலை, அவள் சிரிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்டது, சின்ன ஊசியில் நூல் கோக்கிற மாதிரி, கிட்டே போகும், விலகிவிடும். கோயிலுக்குக் கிளம்பினாள். கூடக் கோயிலுக்கு வருகிற ஹெலன் காரில் வந்து கூட்டிப்போவாள், பத்தரைக்குத் தமிழ் ஆராதனை. கிளம்புமுன் வீட்டைச் சுற்றி வந்தாள், நாற்பது வருஷப் பழக்கம், கேஸை மூடு, குழாயை மூடு, எல்லா சுவிட்சையும் அமர்த்து, அப்புறம்தான் செருப்பு. அவள் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வாசலில் நின்றுகொண்டு, பூட்டட்டுமா பூட்டட்டுமா என்பார், இரு, இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துட்டு வாறேன் என்பாள். இந்த ஊர் வந்து முதல் வாரம் அவளுக்குத் தூக்கமே வரவில்லை, சுவரில் ப்ளக் மாட்டுகிற இடத்தில் சுவிட்சே இல்லை, எப்போதும் உயிரோடு இருக்கிறது, இது என்ன கூத்து, குழந்தை குட்டி இருக்கிற வீட்டில் என்ன பண்ணுவார்கள். சுவிட்ச் இல்லையென்றால் ப்ளக்கையே பிடுங்கிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். டோஸ்டர், கெட்டில், ரைஸ் குக்கர், தலைமாட்டு விளக்கு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டி வைப்பாள். ஆசீர் வேலையிலிருந்து வந்து இணையப் பெட்டி ஏன் செத்துக் கிடக்கிறது என்று தேடுவான், சிரிப்பான், மாட்டிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பனிக்குப் போடுகிற பூட்ஸை ஹீட்டருக்குப் பக்கத்தில் காய வைத்திருந்தாள். குனிந்து பூட்ஸை மாட்டினாள், கைக்கு நேரே ப்ளக், பிடுங்கினாள். வெளியே ஹெலன் ஹாரன் அடித்தாள். கராஜின் பக்கக் கதவு வழியாகப் போனாள். திரும்பி வந்தது முன் வாசல் வழியாக. அப்புறம் திங்கள், செவ்வாய் வெளியே மைனஸ் இருபத்தெட்டு, முப்பது, அவள் கராஜ் பக்கமே வரவில்லை. அவ்வளவுதான். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் குனிந்ததற்கும் பிடுங்கினதற்கும் நடுவில் ஒரு கண் இமைக்கிற நேரம் இருந்ததே, அதில் என்ன இருந்தது? ஆரஞ்சு விளக்கைப் பார்த்தாளா? பார்த்தாள். அது எதற்காக எரிகிறது என்று தெரியுமா? தெரியும். தெரிந்தது அந்த நேரத்தில் தெரிந்ததா, இல்லை இப்போது தெரிகிறதா? கை பழக்கத்தில் போயிற்று என்று ஒரு குரல் சொன்னது. பழக்கம் கெட்டிலுக்குப் போகும், குக்கருக்குப் போகும், இதை நவம்பரிலிருந்து ஒருநாளும் பிடுங்கினதில்லையே, அவன் ஊரில் இல்லாத அன்றைக்கு மட்டும் எப்படிப் போயிற்று என்று இன்னொரு குரல். இரண்டும் அவள் குரல்தான்.

இன்று காலை வெங்காயம் எடுக்கத்தான் வந்தாள். மகன் வருகிறான், நாலு நாள் ஓட்டல் சாப்பாடு, சின்ன வெங்காயம் உரித்துப் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கலாம் என்று. பைக்குள் கையை விட்டால் வெங்காயம் கோலிக்குண்டு மாதிரி கலகலவென்று உருண்டது. ஒரு நிமிஷம் அவளுக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் குளிர் காலில் ஏறியது, அப்புறம் விளக்கு இல்லாத ஹீட்டரைப் பார்த்தாள், அப்புறம் தரையில் கிடந்த ப்ளக்கை. மாட்டினாள். மாட்டின கை நிற்கவில்லை. ஐயோ விறைச்சுப் போயிருக்குமே என்று ஓடினாள், விறைத்துப் போனதை உள்ளே கொண்டுபோக வேண்டும், கதகதப்பில் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும், குளிர்ந்து கிடக்கிற எதையும் அவள் வேறென்ன செய்திருக்கிறாள் ஜென்மத்தில். நெஞ்சு உயரத்தில் இருந்த மேல் டயரைப் பையோடு சேர்த்து இழுத்தாள். பத்துக் கிலோ அரிசிப்பை கனம்தான், ஆனால் பிடிக்க இடமில்லை, வழுக்கியது, விழுந்தது. ரப்பர் விழுந்தால் குதிக்க வேண்டும். இது குதிக்கவில்லை. பலகை விழுந்த மாதிரி டக்கென்று ஒரு சத்தம், விழுந்த இடத்திலேயே கிடந்தது. அந்தச் சத்தத்தில்தான் நவம்பர் முழுக்க ஞாபகம் வந்தது, தூக்கக் கூடாது, உருட்டக் கூடாது. வந்ததும் என்ன செய்தாள்? மறுபடியும் தூக்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். அதை ஏன் செய்தாள் என்பதற்கு மட்டும் இரண்டு குரல் இல்லை, ஒன்றுதான். மறைக்கத்தான் வைத்தாள்.

எப்சிபாவுக்குப் போன் போட்டாள். கோயம்புத்தூரில் அப்போது ராத்திரி பத்தரை மணி, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது, வெதுவெதுப்பான தண்ணீர்ச் சத்தம், குழாயைத் திறந்தால் கை விறைக்காத தண்ணீர் வருமே அந்த ஊரில். "இதுக்குப் போய் ஏம்மா அழுதீங்க? கரண்ட் போச்சுன்னு சொல்லிருங்க." "இங்க கரண்ட் போகாதுல்லா." "ஒரு தடவைகூடவா?" "நான் வந்து பத்து மாசத்துல ஒரு தடவைகூடப் போகல." "என்ன ஊரும்மா அது, ஒரு பொய் சொல்லக்கூட வழியில்லாம" என்றாள் எப்சிபா. அப்புறம் குழாயை மூடிவிட்டு, "நாலும் போயிருச்சுன்னு சொல்லிருங்கம்மா" என்றாள். "எது?" "நாலும் கீழ விழுந்துச்சுன்னு சொல்லுங்க. தூக்கிப் போடுவான், நாலும் புதுசா வாங்கப் பணத்துக்கு எங்க போவான். கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கிவச்சிருப்பான், சரியாயிரும். இந்த வருஷம் ஒரு வருஷமாவது போகாம இருக்கட்டும். நீங்க ராத்திரி பகலா ஜெபத்துல கேட்டதுதான." "அது பொய்ல்லா." "நல்லதுக்குத்தானம்மா." மகளுக்கும் பயம் இருந்திருக்கிறது. இத்தனை நாள் சிரித்ததெல்லாம் பயத்துக்கு மேலே போட்ட போர்வை போல, அவளுக்குத் தெரியாமல் போயிற்றே. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நாலும். மூன்றே எழுத்து, ஒரு மூச்சு.

கேட்டதுதானே. கேட்டது உண்மைதானே. ஆண்டவரே, அவன் மனசை அதிலிருந்து திருப்பும், அவனுக்கு ஒரு நல்ல குடும்பத்தைக் கட்டிக்கொடும், அந்தக் காரை அவன் கண்ணுக்குக் கசப்பாக்கிப் போடும். ஒவ்வொரு நாளும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்து ப்ளக்கைப் பிடுங்கினது யார்? கர்த்தர் அப்படிச் செய்வாரா, ஒரு பிள்ளையைக் காப்பாற்ற உள்ளுக்குள் கீறின டயரைக் கொடுப்பாரா, அது எந்தக் கணக்கில் சேரும், இல்லை, அவர் தலையில் இதை ஏற்றக் கூடாது, அவர் பிடுங்கவில்லை. ஆசீர் இரண்டு வயசு வரை நடக்கவில்லை. தெருவில் அவனுக்குப் பின்னால் பிறந்ததெல்லாம் ஓடியது, இவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சிரிப்பான், டாக்டர் நரம்பில் ஒன்றுமில்லை, வரும், பொறுங்கள் என்றார், மாமியார் பார்வையாலேயே ஆயிரம் சொன்னாள். நடக்க வையும் ஆண்டவரே, ஓட வையும் என்று உபவாசம் இருந்தாள், நாற்பது வெள்ளிக்கிழமை, பச்சைத் தண்ணீர். ஒருநாள் சமையற்கட்டில் அவள் முதுகுப் பக்கம் வந்து சேலையைப் பிடித்து நின்றான். ஓட வையும் என்று கேட்டவள் எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாமல் விட்டுவிட்டாள். போன ஜூலையில் அவன் ஆசைப்பட்டானே என்று அந்த டிராக்குக்குப் போனாள், மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தான், காதுக்கு அடைக்கப் பஞ்சு கொடுத்தான். வண்டி ஒவ்வொரு தடவை முன்னால் கடக்கும்போதும் ஒரு ஜெபம் முடித்தாள், அடுத்த சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்திருந்தாள், பதினொரு தடவை. இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினான், முகம் வேர்த்து, சின்னப் பிள்ளை முகம், அன்றைக்குச் சேலையைப் பிடித்து நின்றவன் முகமேதான், "தொட்டுப் பாருங்கம்மா" என்று டயரைக் காட்டினான். தொட்டாள். கருப்பட்டிப் பாகு இறக்கி ஆறவிட்ட பதம், விரல் பதிந்தது, மண்ணும் சிறு கல்லும் அதில் ஒட்டிக்கிடந்தது, சூடு உள்ளங்கை வரை ஏறியது. "இதுதாம்மா பிடிச்சுக்கிடுது. இது இல்லைன்னா நான் இல்லை" என்றான், சந்தோஷமாகச் சொன்னான், அந்த வார்த்தையைப் போய் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்வானா ஒருவன். அந்தப் பாகுதான் இன்றைக்கு டக்கென்று விழுந்தது.

பன்னிரண்டுக்கு மைனஸ் ஏழு. எழுந்து போய் வெங்காயம் இல்லாமலே குழம்பு வைத்தாள், உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டு தடவை ருசி பார்த்தாள். ஒன்றே காலுக்கு மைனஸ் நாலு. சும்மா இருந்துவிடலாம். அவன் வருவான், தெர்மாமீட்டரைப் பார்ப்பான், வெளியே அவ்வளவு குளிர்மா, ஹீட்டர் திணறியிருக்கு என்று அவனே காரணம் கண்டுபிடித்துக்கொள்வான், அவள் வாயே திறக்க வேண்டாம். பொய்யே இல்லை. மே மாதம் வரும், பையைக் கிழிப்பான், விரலால் தடவிப் பார்ப்பான், ஒன்றும் தெரியாது, மாட்டுவான். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்திருப்பாள். அங்கேதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் போய் நின்றது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெள்ளை, வெளியே கிடக்கிற பனி மாதிரி. ஆகவே சொல்ல வேண்டும். அது முடிந்துபோனது, அதைப்பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை. எதைச் சொல்வது என்பதில்தான் சிக்கியது. ஒன்று விழுந்தது என்றா, நாலும் என்றா. நாலும் என்றால் அவன் கையும் காலும் ஒரு வருஷம் பத்திரம். ஒரு வருஷத்தில் ஒரு பெண் அமையலாம், மனசு மாறலாம். ஒரு பொய், அதற்கு ஒரு வருஷம். மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மன்னிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு பாவம் செய்கிறவளா நீ என்று கேட்டது யார், அவளா, அவரா, ஹீட்டரின் டிக் டிக்கா. உனக்குப் பயமென்றால் அவன் முகத்தைப் பார்த்து, எனக்குப் பயமாயிருக்கு, போகாதல என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறாயா. இல்லை. மகன் மனசு நோகும் என்று சொல்லவில்லை. அவனிடம் சொல்லாததையெல்லாம் அவனுக்குப் பின்னால் போய்க் கடவுளிடம் கோள் சொன்ன மாதிரி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்ஸி வந்து நின்றது. தெர்மாமீட்டரில் பூஜ்யம். ஆசீர் கதவைத் திறந்தான், தாடியில் பனி, "என்னம்மா, கருவாட்டு வாசம் ரோடு வரைக்கும் வருது, பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடப் போறான்" என்றபடி பூட்ஸைக் கழற்றக் குனிந்தான். கழற்றுமுன் சொல்லிவிட வேண்டும், அவன் உட்கார்ந்துவிட்டால் அவளால் முடியாது. "ஞாயித்துக்கிழமை ஹீட்டர் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன், ஐயா. இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். மைனஸ் பதினாலு இருந்துச்சு." குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். அப்புறம் பூட்ஸோடு நிமிர்ந்தான். "தொட்டீங்களா?" "தொட்டேன். உள்ள கொண்டு வைக்கலாம்னு இழுத்தேன், கீழ விழுந்துச்சு." அவளைக் கடந்து கராஜுக்கு இறங்கினான். அவளும் இறங்கினாள். டயர்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான், தொடவில்லை. "டோஸ்டரையே விட்டுவைக்க மாட்டீங்க, என் டயரை விடுவீங்களா" என்றான், அதில் சிரிப்பு வைக்கப் பார்த்தான், வரவில்லை. மறதியாக எடுத்தது என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான், கையெழுத்துப் போட்டால் போதும். "மறந்து பிடுங்கினேனா, வேணும்னு பிடுங்கினேனான்னு எனக்கே தெரியலைல" என்றாள் சுகிர்தம். "நீ போறது எனக்குப் பயமா இருக்கு. தினமும் பயமா இருக்கு." அவன் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்மா" என்றான். "எப்படித் தெரியும்?" "நீங்க கீழ ஜெபம் பண்றது சூடு வர்ற குழாய் வழியா என் ரூமுக்கு அப்படியே கேக்கும். வந்த நாள்ல இருந்து கேக்கு." அவளுக்குக் கழுத்துவரை சூடேறியது. "ஏன்ல சொல்லல?" "உங்களுக்கும் அவருக்கும் நடுவுல நான் எதுக்கு." சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து வெள்ளை மை பேனா ஒன்றை எடுத்தான்.

"எதும்மா விழுந்தது?" என்று கேட்டான். இதோ, இதுதான். எப்சிபா கோயம்புத்தூரில் தூங்காமல் விழித்திருப்பாள். "மேல உள்ளது" என்றாள். மேல் பையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான், மை பையில் படிந்த பனியீரத்தில் பட்டு மெதுவாகப் பரவியது. "திருப்பி எப்படி வச்சீங்க? செஞ்சு காட்டுங்க, தொடாம." அவள் வெறுங்காற்றில் செய்து காட்டினாள், இப்படி அணைத்து, முழங்காலை முட்டுக் கொடுத்து, இப்படிச் சாய்த்து, சாய்த்தபோது, ஆமாம், சாய்த்தபோது, "ரெண்டாவது ஒரு விரக்கடை நகந்துச்சு, ஐயா. மேல உள்ளதோட கனம் அது விளிம்புலதான் விழுந்துச்சு" என்றாள், சொல்லும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இரண்டாவதிலும் குறி. "மூணாவது?" பேனா பைக்கு மேலே நின்றது. இங்கே பொய்கூட வேண்டாம். தெரியல என்று சொன்னால் போதும். தெரியல என்பது பாதி உண்மையாகத்தான் இருக்கும், நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு என்ன தெரியும், யார் குற்றம் சொல்வார்கள், அந்த ஒரு சொல்லுக்கு அவன் நாலையும் வாசலில் கொண்டு போடுவான், அவள் நாற்காலியில் உட்கார வேண்டாம். கண்ணை மூடினாள். காலையின் கராஜ் வந்தது, முழங்கால், ஜாக்கெட் இல்லாத கை, கறுப்புப் பை உரசின சத்தம், இரண்டாவது நகர்ந்தது, அதற்குக் கீழே கை போகவில்லை, கால் படவில்லை, அங்கே ஒட்டுநாடாவின் நுனி கிழியாமல் இருந்ததைக்கூடப் பார்த்தாள். "இல்லை" என்றாள். "அது அசையல. நாலாவதும் அசையல." "நிச்சயமாம்மா? இந்த ரெண்டையும் நான் மாட்டுவேன்." "நிச்சயம்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நாளைக்கு இதே நேரம் வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி, பூட்ஸைக் கழற்றப் படியில் உட்கார்ந்தான். குறி இல்லாத இரண்டு பைகளும் கறுப்பாக, சுத்தமாக இருந்தன. சுகிர்தம் ஹீட்டரின் ப்ளக் சுவரில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, குழம்பைச் சூடு பண்ண அவனைக் கடந்து மேலே ஏறினாள்.